ஏழாம் மேடையின் முதல் சுழியம்

“என் பங்கு மாடியில உன் வத்தலு எப்படிளா வந்துச்சு? கோடு கிழிச்சு—”

“கோடு இருக்கட்டும்க்கா, வெயிலு உங்க பக்கந்தான் நல்லா—”

“—கிழிச்சு வச்சிருக்கேம்லா? கண்ணு அவிஞ்சா போச்சு?”

“நல்லாத் தெரியுது. அந்தக் கோடு என்னைக் கட்டாதுன்னு நேத்தே சொல்லிட்டேனே. நீங்களும் என் பக்கம் காயப்போடுங்க. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?”

“நீ வேண்டாம்னு சொல்லலன்னா நான் போட்டுருவேனா? எனக்கு ரோசம் கிடையாதா?”

வடிவு கூழ்ச் சட்டியை ணங்கென்று தரையில் வைத்தாள். எதிரே அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி உலகு, பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாகக் கூழை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். ஊற்றும்போது அவளுடைய மணிக்கட்டில் விலக்குவளை மின்னியது. வளையில் எரிந்த எண் மூன்று.

வடிவின் வளையில் நான்கு. சண்டை அதற்குத்தான். வத்தல் வெறும் சாக்கு.

கடல் ஏறிவந்து பழைய ஊரை விழுங்கியபின், தூண்கள் நட்டு எழுப்பிய மேடைகளில்தான் கரையோரத்துச் சனங்கள் குடியிருந்தார்கள். அதற்கு முன்பே அரசாங்கங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தன. மத்தியில் போட்ட சட்டத்தை மாநிலம் ‘எங்களைக் கட்டாது’ என்று தள்ளியது. அந்த ருசியைக் கண்டதும் மாவட்டம் மாநிலத்தைத் தள்ளியது. ஊர் மாவட்டத்தைத் தள்ளியது, மேடை ஊரைத் தள்ளியது. கடைசியில் தனி ஆள் மேடையைத் தள்ளினார். ஏழாம் மேடையில் அப்படித் தள்ளிய முதல் ஆள் வடிவுதான். மேடை ஆபீசில் இருந்த கடைசி அதிகாரியைப் படகேற்றி, டாட்டா காட்டி அனுப்பியவள்.

அதற்குப் பிறகு போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. தெருமுனைக் கம்பத்தில் ஊர்ச்செவி என்றொரு கருவி இருந்தது; தெருவில் யார் உரக்கச் சொன்னாலும் அதற்குக் கேட்கும். ‘இந்த விதி என்னைக் கட்டாது’ என்று அது கேட்கும்படி சொன்னால் வளையில் ஓர் எண் குறையும். ‘கட்டும்’ என்றால் ஏறும். கதவு, குழாய், படகு, விளக்கு எல்லாம் செவியைக் கேட்டுத்தான் நடக்கும். ஆனால் ஒன்று: ஒரு விதி இரண்டு பேர் வளையிலும் இருந்தால்தான் அந்த இரண்டு பேருக்கும் நடுவே அது விதி. களவு விதியை நீ தள்ளினால், உன் கதவும் பூட்டிக்கொள்ளாது. ஆகவே யாரும் கண்டபடி தள்ளவில்லை. ஊர் ஒழுங்காகத்தான் இருந்தது. பழைய அரசாங்கம் இருந்ததைவிட ஒழுங்காகவே இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

எண் குறையக் குறைய மதிப்பு. குறைந்த எண்காரிக்குத்தான் கல்யாண வீட்டில் முதல் பந்தி, படகில் முதல் இருக்கை. நான்குக்கு முதலில் வந்தவள் வடிவு. மாடிக்கோடு, களவு, அடிதடி, மூலவிதி, இவ்வளவுதான் அவளைக் கட்டின. நேற்றுவரை அவளைவிடக் குறைந்த எண் யாருக்கும் இல்லை.

“இங்கேரு வடிவு, கேட்டியா சங்கதி!” அன்று மத்தியானமே அவள் புருஷன் நல்லபெருமாள் மூச்சிரைக்க வந்தார். “நம்ம உலகு களவு விதியையும் தள்ளிருச்சாம். ரெண்டுக்கு வந்துட்டு! டீக்கடையில ஒரே பேச்சு. வாசக்கதவைக் கழத்தியே வச்சுட்டாளாம், காத்து நல்லா வருதாம்.”

“கையில என்ன பொட்டலம்?”

“அல்வா. அவளுக்குக் குடுக்கலாம்னு...”

“நான் நாலுக்கு வந்தன்னைக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கித் தந்தீயளா?”

“அன்னைக்குக் கடை இல்லையேளா.”

வடிவு விடுவிடுவென்று உலகின் வீட்டுக்குள் நுழைந்தாள். தடுக்கக் கதவே இல்லை. அடுக்களையில் இருந்த மிக்சியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரு பார்க்க நிமிர்ந்து நடந்தாள். கத்தட்டும், கதறட்டும். களவு விதி வேண்டும் என்று செவியிடம் ஓடட்டும். மறுபடி மூன்றாகட்டும்.

உலகு ஓடித்தான் வந்தாள்.

“எக்கா, எக்கா! நில்லுங்க! ஜார் மூடியை விட்டுட்டு வந்துட்டீயளே. மூடி இல்லாம ஓட்டினா சட்னி மேலெல்லாம் தெறிக்கும்.”

மூடியை மிக்சிமேல் பதமாக வைத்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். தெருவே சிரித்தது. உலகைப் பார்த்தல்ல.

அன்று ராத்திரி வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. ‘இரண்டு. இவள் நாளைக்கு அடிதடியையும் தள்ளுவாள். இவளை எவன் அடிக்கப்போகிறான்? அப்புறம் ஒன்று. அப்புறம்...’ அங்கே வந்ததும் அவளுடைய நினைப்பு நின்றது. மூலவிதியைத் தள்ளலாம் என்று இதுவரை எந்த மேடையிலும் யாருக்கும் தோன்றியதில்லை. ‘ஒருவரின் இசைவில்லாமல் இன்னொருவர் அவரைக் கட்டக்கூடாது’ என்பதுதான் மூலவிதி. கால் ஊன்றியிருக்கும் பலகையை யார் பெயர்ப்பார்கள்? ஆனால் அதுவும் ஒரு விதிதானே. வளையில் அதற்கும் ஓர் எண் எரிகிறதுதானே.

காலையில் டீக்கடை நிறைந்திருந்த நேரம் பார்த்து வடிவு செவிக்கம்பத்தின் கீழே போய் நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மாடிக்கோடு என்னைக் கட்டாது. களவு விதி கட்டாது. அடிதடி கட்டாது.”

“சபாஷ் மைனி!” என்றார் டீக்கடை ஆவுடையப்பன்.

“மூலவிதியும்—”

“எக்கா, அது வேண்டாம்.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகு வந்தாள். “சொன்னாக் கேளுங்க. மத்ததெல்லாம் நமக்கும் அடுத்தவங்களுக்கும் உள்ளது. இது அப்படியில்ல. இது போனா—”

“பாத்தீயளா வயித்தெரிச்சலை! தனக்கு முன்னால நான் போயிருவேன்னு இவளுக்குப் பொறுக்கல.” வடிவு கையை உயர்த்தினாள். “மூலவிதி என்னைக் கட்டாது!”

வளையில் எண் அணைந்து, ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாக எரிந்தது. சுழியம். எல்லா மேடைகளிலும் முதல் சுழியம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நல்லபெருமாள் இந்தமுறை கேட்காமலே அல்வா வாங்கிவந்தார்.

வீட்டுக்கு வந்து மாடியேறிப் பார்த்தால், உலகின் வத்தல் வேட்டி அப்படியே விரிந்து கிடந்தது.

“இவ இனி இந்த மாடிக்கே ஏறக் கூடாது!” என்று கத்தினாள் வடிவு. எப்போதும் கத்துவதுதான். ஆனால் இம்முறை மாடிக்கதவு தடாலென்று சாத்திக்கொண்டது. கீழிருந்து உலகு தள்ளிப்பார்ப்பது கேட்டது. கதவு அசையவில்லை.

வடிவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மூலவிதி இரண்டு வளையிலும் இருந்தால்தான் விதி. தன் வளையில் அது இல்லை. ஆகவே தான் சொல்வது யாரையும் கட்டும், கேட்காமலே கட்டும். படகேற்றி அனுப்பிய அந்த அதிகாரிக்குக்கூட இவ்வளவு கிடையாது.

அவள் கீழே இறங்கியபோது நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

“ஆவுடையப்பா, ரேடியோவை அமத்து.” ரேடியோ அணைந்தது.

“என் வத்தல் காயிற வரைக்கும் தெருவுல யாரும் வத்தல் போடக் கூடாது. உலகு படகில கடைசியில உக்காரணும். கல்யாணத்துல கடைசிப் பந்தி.”

“அவ மேல என்ன அம்புட்டுக் கோவம் உனக்கு?” என்றார் நல்லபெருமாள்.

“நீங்க அவளைப் பத்தி இனிப் பேசக் கூடாது.”

அவருடைய சட்டைப்பையிலிருந்த பேசுகருவியைச் செவி அணைத்துவிட்டது. உலகோ தெருவோரம் கயிறு கட்டித் துணியை உலர்த்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அந்தப் பாட்டையும் நிறுத்த வடிவு வாயெடுத்தபோதுதான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“அடுத்தவன் ரேடியோவை அமத்துற உன் வீட்டு ஃபேன் மட்டும் ஓடணுமோ? நிக்கட்டும்!”

வடிவின் வீட்டுக்குள்ளிருந்து வந்த விசிறிச் சத்தம் நின்றது.

தெருவில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். அவளைக் காக்கவும் மூலவிதி இல்லை.

“வடிவு இனி முதல் பந்தியில உக்காரக் கூடாது!”

“எல்லாருக்கும் பிறகுதான் தண்ணி பிடிக்கணும்!”

“ஆவுடையப்பா, உன் கடை—” என்று வாயெடுத்தாள் வடிவு.

“அவ வீட்டுக் கதவு நான் சொன்னாத்தான் திறக்கணும்!”

“நடுத்தெருவுல உரக்கப் பேசக் கூடாது!”

“ஏ, உங்க எல்லார் குழாயும்—”

அவள் ஒன்று சொன்னால் அவர்கள் பத்து சொன்னார்கள். இத்தனை வருஷம் அவளுடைய எண்ணைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவர்கள், கல்யாணப் பந்தியில் அவளுக்கு முன்னால் இலை விழுவதைப் பார்த்துக்கொண்டே பசியோடு நின்றவர்கள். ஒருவர் போட்டதைக் கேட்டு அடுத்தவர் அதைவிடப் பெரிதாகப் போட்டார். வளையில் வட்டம் மறைந்து எண்கள் மளமளவென்று ஏறின. பழைய அரசாங்கத்தின் சட்டப் புத்தகங்களில்கூட அவ்வளவு இருந்திருக்காது.

“மூலவிதி என்னைக் கட்டு—” என்று அவள் தொடங்கியபோது, இரைச்சலுக்கு நடுவே நல்லபெருமாள் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

“இனி இவ சொல்றது எதையும் செவி கேக்கக் கூடாது!”

அவ்வளவுதான். ‘கட்டும்’ என்றாள், ‘கட்டாது’ என்றாள், கம்பத்தைக் கையால் தட்டினாள். செவி கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. முதலில் அடுத்தவர் தான் போட்டதை எடுக்கட்டும், பிறகு நாங்கள் எடுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லிப் போனார்கள். நல்லபெருமாள், “ரெண்டு நாள் போகட்டும் வடிவு, நிம்மதியா ஒரு காப்பி குடிச்சுக்கிடுதேன்” என்று டீக்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

திறக்காத தன் வாசல்படியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். உலகு டம்ளரில் காப்பியோடு வந்தாள். அவள் வளையில் இன்னும் அதே இரண்டு, குளுகுளுவென்று எரிந்தது.

“உலகு.” வடிவு குரலைத் தாழ்த்தினாள், தெருவில் உரக்கப் பேசத்தான் தடையாயிற்றே. “பின்னால சொன்னதுதான் நிக்கும். ‘எங்க அக்கா அவ இஷ்டம்போல இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை செவிகிட்ட சொல்லிரு. எல்லாம் விழுந்துரும்.”

“விழுந்துரும்க்கா. ஆனா அதுவும் உங்க மேல நான் போடுற கட்டுத்தானே.”

“நான்தான் இசைவு சொல்லுதேனே!”

“நீங்க சொல்றது செவிக்குக் கேக்காதே. அப்ப இசைவில்லாமப் போட்டதாத்தானே ஆகும்? ஒருத்தரை அப்படிக் கட்டுற வார்த்தை, நல்லதுக்குன்னாலும், என் வாயில வராதுக்கா.” டம்ளரைப் படியில் வைத்தாள். “எங்க வீடு திறந்துதான் கிடக்கு. வந்து படுத்துக்கிடுங்க.”

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். தெருவில் எல்லார் கட்டும் வடிவின் மேல் இருந்தது. ஒருத்தியுடையது மட்டும் இல்லை. வடிவு மாடிக்கதவை மூஞ்சியில் அடித்தபோதும், கடைசிப் பந்திக்குத் தள்ளியபோதும், போடும் உரிமை கையிலிருந்தும் போடாதவள். காப்பி ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. நெஞ்சு எரிய, உயர்த்தக் கூடாத குரலை இழுத்துப்பிடித்து, வடிவு அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏளா, ஊரே போட்டிருக்கு, நீ மட்டும் என்ன பெரிய இவளா? ஒண்ணே ஒண்ணு... நீயும் எம்மேல ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போளா!”