பதினோராவது வாழ்க்கைக் குறிப்பு

நான்காம் தாளின் நடுவே அவர் எழுதாத ஒரு வரி இருந்தது.

கையெழுத்து அவருடையதுதான். வலப்பக்கம் சாய்ந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல இடைவெளி விட்டு நிற்கும் எழுத்துகள். ஆனால் 'ஆற்றுப் பாலத்துச் சண்டையில் தோழர் செலாம் வீரமரணம் அடைந்தார்' என்று இத்தனை வருடங்களாக எழுதிவந்த இடத்தில், 'தோழர் செலாமை நான் சுட்டேன்' என்று இருந்தது. தளபதி ரப்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வரி அப்படியே இருந்தது. மைகூட இன்னும் காயவில்லை.

தலைநகர் திரானாவில் டிசம்பர் மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில், ஊழியர் பிரிவை ஒட்டிய அந்தச் சின்ன அறையில், மண்ணெண்ணெய்க் கணப்பின் புகையும் சுவரில் ஊறிய ஈரமும் பழைய கோப்புகளின் புழுதியும் ஒன்றாகக் கலந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. மதியம் இரண்டு மணிக்கு எட்டுத் தாள்களை எண்ணிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் முத்திரை, வரிசை எண். எட்டும் திரும்பிப் போக வேண்டும்.

பெரிய பதவி எது வந்தாலும் அதற்கு முன்னால் இந்தச் சனியன் வந்துவிடும். பிறந்ததிலிருந்து நேற்றுவரை தன் கதையைத் தன் கையால் எழுத வேண்டும். கட்சி அதைப் பழைய குறிப்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரு தேதி பிசகினால் ஆறு மாத விசாரணை. ஒரு சம்பவமே பிசகினால் எழுதியவனோடு போகாது. பெண்டாட்டி பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிச் சதுப்பு நிலத்துப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ரப்போ தன் வாழ்க்கையையே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பத்து முறை எழுதியாயிற்று, இது பதினோராவது.

எழுதி என்னத்தைக் கிழித்தார்? அவருக்குக் கீழே கோவேறு கழுதை ஓட்டியவனெல்லாம் இன்று மேடையில் முதல் வரிசையில் நிற்கிறான். இவரை மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அனுப்பியவர்களே பிறகு மாஸ்கோவோடு சண்டை போட்டுக்கொண்டு, 'அங்கே எதற்குப் போனாய்?' என்று கேட்டார்கள். மலையோரப் படைப்பிரிவுகளிலேயே பதினான்கு வருடம். படையில் பதவிப் பட்டங்களையே ஒழித்தபோது தோள்பட்டை நட்சத்திரங்களும் போயின. இப்போதுதான் துணைத் தலைமைத் தளபதி பதவி வாசல்வரை வந்திருக்கிறது. அது வந்தால் மகள் வியோல்சாவின் கல்யாணமும் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், பெண்ணின் குடும்பக் கோப்பில் கறை இருந்தால் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வரி மீது மைப்புட்டியைக் கவிழ்த்தார்.

பக்கத்து அறையில் எழுத்தர் பந்தேலி கணப்பின் மேல் கஷ்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். ரப்போ நீட்டிய கறுத்த தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தோழர் தளபதி, பீரங்கியைப் பிடிச்ச கைக்கு மைப்புட்டி அடங்கலையா?"

"கை தட்டிருச்சு. வேற தாள் கொடுய்யா."

"கொடுக்கறேன், கொடுக்கறேன். கெட்டுப்போன தாள்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒண்ணு வரைக்கும் பிரச்சினை இல்லை. ரெண்டாச்சுன்னா மேலே சொல்லணும்."

ரப்போ புதுத் தாளோடு திரும்பி வந்து கதவைச் சாத்தினார். அறையில் ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. அவருடைய மேலங்கி வெளியே ஆணியில் தொங்குகிறது. இது அது இல்லை. ஆட்டுமயிரில் நெய்த, மலையில் போர்த்திக்கொள்ளும் முரட்டுப் போர்வையின் நாற்றம், பனியில் நனைந்து ஆள் உடம்புச் சூட்டில் புழுங்கும்போது வருவது. அதோடு ஒரு சத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை. உலர்ந்த அத்திப்பழத்தை வாயில் போட்டு மெல்லும்போது விதைகள் பல்லுக்கு இடையில் நொறுங்குமே, அந்தச் சத்தம்.

போர்க்காலத்து மலைப்படையில் செலாமுக்குப் பத்தொன்பது வயது. ஒரு கைப்பிடி உலர்ந்த அத்தியை ஒரு வீட்டில் திருடினான் என்று புகார். மக்கள் பொருளைத் தொடுகிற கெரில்லாவுக்கு மரணம் என்பது படையின் சட்டம். தளபதி ரப்போவுக்கு அப்போது இருபத்திரண்டு; அன்றே தண்டனையை நிறைவேற்றினார். மறுநாள் காலை அந்த வீட்டுக்காரி மலையேறி வந்து, "பையன் பசியோட இருந்தான், நான்தானே கொடுத்தேன், அவன் எங்கே?" என்று கேட்டாள். ரப்போ யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனைவி ஷெகெரேயிடம்கூட.

பேனாவை எடுத்தார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, முதல் வகுப்புப் பையன்போல எழுதினார். ஆற்றுப்... பாலத்துச்... சண்டையில்...

'தோழர் செலாமை நான் சுட்டேன். இரண்டு முறை.'

"தூ!" என்று கத்தினார். பயம் ஒருபக்கம் இருக்கட்டும், வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருடம் வாயை மூடி, குனிந்து, கைதட்டி, காத்துக் கிடந்து, கடைசியில் தன் கையே தன்னைக் கவிழ்ப்பதா?

எழுந்து பந்தேலியிடம் போனார்.

"என் பழைய குறிப்புகளைப் பார்க்கணும். ஒரு தேதி சந்தேகம்."

"வழக்கம் இல்லை தோழரே." பந்தேலி மூக்கை உறிஞ்சினார். பிறகு என்ன நினைத்தாரோ, அலமாரியைத் திறந்தார். "சரி, நாளைக்கு எனக்கே மேலதிகாரியா வரப்போறீங்க. இங்கேயே நின்னு பாருங்க."

முதல் குறிப்பு, 1946. ஊதா மை வெளிறி, தாள் மஞ்சளாகியிருந்தது. நான்காம் பக்கம்.

'தோழர் செலாமை நான் சுட்டேன். இரண்டு முறை.'

1949. அதே வரி. 1953. அதே. 1958. 1961. அதே. அதே. பத்திலும். அவர் கையெழுத்து. பழைய மை.

"ஒரு எழுத்து மாறலை பாருங்க," என்றார் பந்தேலி, கஷ்கொட்டையை உரித்துக்கொண்டே. "இந்த அலமாரியிலேயே உங்க கோப்புதான் சுத்தம். அச்சடிச்ச மாதிரி."

"நீ... இதைப் படிச்சிருக்கியா?"

"படிக்கிறது என் வேலை இல்லை தோழரே. ஒப்பிடுறதுதான் என் வேலை."

பின்னே யார் படித்தார்கள்? மேலே இருந்தவர்கள் படித்தார்களா? படித்துவிட்டுத்தான் மலைக்கு அனுப்பினார்களா, நட்சத்திரத்தைப் பிடுங்கினார்களா, கூட்டங்களில் தோளைத் தட்டிச் சிரித்தார்களா? யாரிடம் போய்க் கேட்பது? ரப்போ திரும்பி வந்து உட்கார்ந்தார். பொய்யை எழுதினால் பத்தோடு ஒத்துப்போகாது. உண்மையை எழுதினால் பத்தோடும் ஒத்துப்போகும். பிசகு இல்லை, விசாரணை இல்லை. வியோல்சாவின் மோதிரம் அவள் விரலிலேயே இருக்கும்.

மெல்லும் சத்தம் நின்றது. காத்திருப்பதுபோல.

வரியை அடிக்காமல் விட்டார். மீதித் தாள்களையும் எழுதி முடித்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பந்தேலி நான்காம் தாளைப் பழைய தாள்களின் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாக ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"பிரமாதம். வாழ்த்துகள் தோழர் தளபதி! ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இப்ப புது உத்தரவு, குடும்பத்துல இருக்கறவங்களும் எழுதணுமாம். காலையிலேயே உங்க வீட்டுக்குத் தாள் அனுப்பிட்டேன்."

ரப்போ மேலங்கியை எடுக்கவில்லை. காரையும் கூப்பிடவில்லை. மழையில் நடந்தார். பிறகு ஓடினார். மணி நாலரை, ஆனால் இருட்டிவிட்டது. காவல் சாவடியில் சிப்பாய் வணக்கம் வைத்தான். பார்க்கவில்லை. படிகள். கதவு. பூட்டவில்லை.

"ஷெகெரே!"

சமையலறையில் விளக்கு எரிந்தது. சூப் கொதித்து அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் ஷெகெரே. அந்தப் பக்கம் வியோல்சா. இருவர் முன்னாலும் முத்திரைத் தாள்கள். இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஷெகெரே முப்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றாள். தன் பெயரை எழுதவே அரை நிமிடம் ஆகும் அவளுக்கு. இப்போது அவள் கை தாளின் மேல் விரைந்து ஓடியது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்துகள். இடைவெளி விட்ட எழுத்துகள். அவருடைய எழுத்துகள்.

"வியோல்சா. பேனாவைக் கீழே வை. அப்பா சொல்றேன்ல? வைம்மா!"

மகள் பிறந்ததே போரெல்லாம் முடிந்த பிறகு, 1951இல். அவள் தாளைப் பார்த்தார். 'தோழர் செலாமை நான் சுட்டேன்.' அதற்குக் கீழே மறுபடியும். அதற்குக் கீழே. தாள் முழுக்க.

அவள் நிமிரவில்லை. காலையில் காபி வேண்டுமா என்று கேட்கும் அதே சாதாரணக் குரலில் கேட்டாள்.

"அப்பா, ரெண்டாவது குண்டு எங்கே பட்டுச்சு? நாம மூணு பேரும் ஒரே மாதிரி எழுதணும்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பேனா அதை எழுதத் தொடங்கிவிட்டது.