தொயோகோ கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை. காலைல ஆறு நாப்பது.

நொகுரி தீவோட கடைசி வீடு. சமையல்கட்டுத் தரையில தொயோகோ கெடந்தா. எழுபத்தொம்பது வயசு. மூக்குலேர்ந்து வந்த ரத்தம் காஞ்சு போயிருந்துது. பக்கத்துல ரைஸ் குக்கர், சாதம் வெந்துடுச்சுன்னு பாட்டுப் பாடி முடிச்சு ஓஞ்சிருந்துது.

புருஷன் கின்சாகு அவ தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முன்னாடி கணவாய் மீன் பிடிச்சவரு, எண்பத்தொண்ணு ஆச்சு. தீவுக்கு இருக்கற ஒரே போலீஸ்காரர் ஏட்டு உரகாமி. அவர் உள்ள வந்தப்ப பெரியவர் சொன்னது ரெண்டே வார்த்தை.

"சில்லுன்னு இருக்கா."

தீவுல டாக்டர் கிடையாது. உடம்பு படகுல ஏறி எதிர்க்கரைக்குப் போச்சு.

வெள்ளிக்கிழமை. காலை 9.10.

அவுட்போஸ்ட்ல போன் அடிச்சுது. எதிர்க்கரை இன்ஸ்பெக்டர்.

"மூளைல ரத்தக்கசிவு. ரத்தத்துல ரெண்டு மாத்திரை இருக்கு. ரெண்டுமே ரத்தத்தை உறைய விடாத மாத்திரை. பழசை நிறுத்திட்டுத்தான் புதுசை ஆரம்பிக்கணும். கிழவன் ஒன்பது நாள் ரெண்டையும் சேத்துக் குடுத்திருக்கான்."

"தெரியாம குடுத்திருப்பாரு சார்."

"டாக்டர் ரெக்கார்டுல தெளிவா இருக்குய்யா. 'பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், கணவர் புரிந்துகொண்டார்'னு. நாலு வருஷமா நோயாளிப் பொண்டாட்டியோட ஒத்தையா இருக்கான். அலுத்துப்போய் இப்படிச் செய்யறவங்களை நாம பாத்ததே இல்லையா? மூணு மணிப் படகுல வரேன். வாக்குமூலம் எழுதி, கையெழுத்துக்குப் பதிலா குத்தற அவன் பேர் முத்திரையை வாங்கி வை."

"உத்தரவுங்க சார்."

உரகாமி போனைப் பாத்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு ரிசீவரை வெச்சாரு. பின்னால ஒரு சிரிப்பு. நர்ஸ் மகிஷிமா. மாசம் ஒரு தடவை தீவுக்கு வர்றவ.

"போனுக்கு எதுக்கு ஏட்டையா இவ்வளவு மரியாதை? அவருக்குத் தெரியவா போவுது?"

"மேலதிகாரி குரல் கேட்டா இடுப்பு தானா மடங்குதும்மா. முப்பது வருஷப் பழக்கம்."

சிரிச்சாங்களே தவிர ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சிரிப்பு தங்கல.

10.05.

கின்சாகு வீடு. தொயோகோ போட்டோ முன்னாடி ஊதுவத்தி எரிஞ்சுக்கிட்டிருந்துது.

"பழைய மாத்திரையை யாரு குடுத்தது?"

"நாந்தான்."

"புதுசை?"

"அதுவும் நாந்தான்."

"ஏன் ரெண்டையும் குடுத்தீங்க?"

"டாக்டர் குடுக்கச் சொன்னாரு."

"நிறுத்தச் சொன்னேன்னு எழுதி வெச்சிருக்காரே."

ஊதுவத்திச் சாம்பல் ஒடிஞ்சு விழுந்துது.

"அப்போ என் காதுலதான் தப்பா விழுந்திருக்கும். டாக்டர் பொய் சொல்லுவாரா தம்பி? எங்க குத்தணும் சொல்லு. முத்திரையை எடுத்துட்டு வரேன்."

"இதுல குத்தினா என்ன ஆகும் தெரியுமா? பொண்டாட்டியைக் கொன்னவர்னு உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க."

"என் கைதானே குடுத்துது."

"உக்காருங்க பெரியவரே. டாக்டர் உங்களைப் பாத்த அந்தப் பதினாலாம் தேதி என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

கின்சாகு மெதுவா சொன்னாரு. டாக்டர்கூடப் பேசற வீடியோ திரையை நர்ஸ் மேஜைல நிக்க வெச்சுட்டு அடுத்த வீட்டு நோயாளியைப் பாக்கப் போயிட்டா. ரெண்டு மணிக்கு டாக்டர் இசயாமா திரையில வந்தாரு. புது மாத்திரை படகுல வரும்னு சொன்னாரு.

"அப்பதான் தொயோகோ கேட்டா. வீட்டுல பழைய மாத்திரை இன்னும் மூணு வாரத்துக்கு இருக்கு, ரெண்டையும் சேத்துச் சாப்பிடணுமான்னு. அவர் பேசாம இருந்தாரு. யோசிக்கிறாரு போலன்னு நெனச்சோம். அவ மறுபடியும் கேட்டா. 'ரெண்டும்தானே? சரிங்க. உத்தரவு'ன்னாரு. நெத்தி மேஜைல இடிக்கற மாதிரி குனிஞ்சாரு. நாங்க பதறிப்போய் இன்னும் கீழ குனிஞ்சோம்."

தொயோகோவோட ரத்த அழுத்த நோட்டை எடுத்துக் குடுத்தாரு. பதினாலாம் தேதி பக்கத்துல அவ கையெழுத்து: "மணி 2.07. ரெண்டும் சாப்பிடணும். டாக்டர் குனிஞ்சு வணங்கினார். கூச்சமா இருந்தது."

"மருந்துக்கடைச் சீட்டைப் படிக்கலையா?"

"டாக்டரே சொன்னப்புறம் சீட்டு எதுக்கு?"

"கசிவு ஏதும் முன்னாடி தெரிஞ்சுதா?"

"நாலு நாளா ஈறுல ரத்தம் வந்துது. போன் பண்ணலாம்னேன். வேணாம்னுட்டா. அவ்வளவு பெரிய மனுஷன் நமக்கு இவ்வளவு மரியாதை குடுக்கறாரு, மறுபடி போய்த் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னா."

11.20.

படகுத்துறை பெஞ்சுல மகிஷிமா சோத்து உருண்டையைக் கடிச்சுக்கிட்டிருந்தா.

"டாக்டர் இசயாமா எப்படிப்பட்டவர்மா?"

"கெட்டவர் இல்ல. ஆறு தீவுக்கும் அவர் ஒருத்தர்தான். ஆனா பேசும்போது நம்ம மூஞ்சியைப் பாக்க மாட்டாரு, பக்கத்துல எதையோ படிச்சுக்கிட்டே இருப்பாரு."

"நோயாளிக்குக் குனிஞ்சு வணக்கம் வெப்பாரா?"

"யாரு, அவரா? 'அடுத்தவங்க'ன்னு சொல்லிட்டு ஆஃப் பண்ணுவாரு. அவர் கழுத்துக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது."

"நோயாளிகிட்ட 'உத்தரவு'ன்னு சொல்லுவாரா?"

"விளையாடறீங்களா? அது மேல இருக்கறவங்ககிட்ட சொல்றது. காலைல நீங்க..."

மகிஷிமா வாக்கியத்தை முடிக்கல. உருண்டையை மடியில வெச்சுட்டா. உரகாமி அதுக்குள்ள அவுட்போஸ்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சிருந்தாரு.

12.40.

ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போன் போட்டு உரகாமி கேட்டது ஒரே கேள்வி. பதிலா ஃபேக்ஸ்ல ஒரு பக்கம் வந்துது.

3.20.

அவுட்போஸ்ட். இன்ஸ்பெக்டர் நாற்காலியில. கின்சாகு முத்திரைக் கட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல. மேஜைத் திரையில டாக்டர் இசயாமா. நாப்பத்தஞ்சு வயசிருக்கும், கண்ணு தூங்கி நாளாச்சு.

"சீக்கிரம் முடிச்சுக்கலாம். எனக்கு நோயாளிங்க காத்திருக்காங்க."

"கையை கீபோர்டுலேர்ந்து எடுங்க டாக்டர். எங்களை மட்டும் பாருங்க," உரகாமி சொன்னாரு. "பதினாலாம் தேதி ரெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இவங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன். ரெக்கார்டுல இருக்கே."

"ரெக்கார்டை எப்ப எழுதினீங்க?"

"சாயந்தரம். எல்லாத்தையும் மொத்தமா எழுதுவேன்."

உரகாமி ஃபேக்ஸை எடுத்தாரு. "இது உங்க தலைமை டாக்டர் நடத்தின ஆன்லைன் மீட்டிங் குறிப்பு. அதே நாள், ரெண்டு மணி முதல் ரெண்டரை. வந்தவங்க லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. நாலாவது வரி: 'தெற்குத் தீவு, கிழக்குத் தீவு, இரண்டையும் ஏற்குமாறு தலைவர் கேட்டார். இசயாமா ஒப்புக்கொண்டார். 2.07.'"

உரகாமி ரத்த அழுத்த நோட்டை ஃபேக்ஸ் பக்கத்துல விரிச்சாரு.

"தொயோகோ நோட்டுலயும் 2.07தான். ஒரு திரையில தலைவர், ஒரு திரையில அந்தம்மா. தலைவர் ரெண்டு தீவையும் எடுத்துக்கச் சொன்னாரு. அந்தம்மா ரெண்டு மாத்திரையும் சாப்பிடணுமான்னு கேட்டாங்க. நீங்க அந்தம்மா பக்கத்து மைக்கை மூட மறந்துட்டு தலைவருக்குப் பதில் சொன்னீங்க. குனிஞ்சது அவருக்கு. உத்தரவுன்னது அவருக்கு. நானும் காலைல போனுக்குக் குனிஞ்சவன்தான். எந்த டாக்டரும் கணவாய்க்காரர் வீட்டுல 'உத்தரவு'ன்னு சொல்லமாட்டாரு. எல்லாரும் வயசானவரோட காதைச் சந்தேகப்பட்டோம். அவர் காது ஒவ்வொரு வார்த்தையையும் சரியாத்தான் பிடிச்சுது. கேக்காதது உங்க காது. இந்தச் சாவுக்குக் காரணம் நீங்க, டாக்டர் இசயாமா."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு.

இசயாமா பேசினாரு. "நிறுத்தணும்னு எல்லாருக்கும் சொல்லுவேன். இவங்களுக்கும் சொன்னதாத்தான் நெனச்சேன். எழுதும்போது கை தானா எழுதிடுச்சு. அன்னிக்கு மட்டும் நாப்பத்தோரு பேர். அவங்க கேட்டதே எனக்கு... எனக்குக் கேக்கவே இல்ல."

"நீங்க குத்தவாளி இல்ல பெரியவரே," இன்ஸ்பெக்டர் சொன்னாரு. "வீட்டுக்குப் போகலாம்."

கின்சாகு எழுந்திரிக்கல. திரையையும் பாக்கல.

"அப்போ அவ கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையா தம்பி?"

உரகாமி ஸ்டூல் பக்கத்துல வந்து குந்தினாரு.

"அன்னிக்குக் காலைலேர்ந்து அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பாத்தா. டாக்டர்கிட்ட மரியாதைக் குறைவா கேட்டுடக் கூடாதாம். நான் டாக்டர் மாதிரி எதிர்ல உக்காந்துக்கணும், அவ கேக்கணும். நாலஞ்சு தடவை கேட்டா."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்னேன்."