செத்தது எந்தக் கலம்?

பஞ்சலிங்கத்தின் கண்கள் திறந்தே இருந்தன.

வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். கடும் மஞ்சள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் மனைவி உதயகலா. மறுபக்கம் தங்கை செல்வநாயகி. மூச்சு நின்றுவிட்டதென்று நேர்ஸ் சொன்ன பிறகும் இருவரும் அழவில்லை. ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

பிறகு செல்வநாயகி விரலை நீட்டினாள்.

"உவள்தான்... கஞ்சிக்குள்ளை என்னத்தையோ கலந்து குடுத்து என்ரை அண்ணையைச் சாக்காட்டிப் போட்டாள்."

உதயகலா பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாததே ஊருக்குப் போதுமாக இருந்தது. செத்தவீட்டுப் பந்தல் கழற்றுவதற்குள் உடுவில் முழுக்க அந்தக் கதை சுற்றி வந்துவிட்டது.

சந்தேகம் வருவதற்குக் காரணமும் இருந்தது. பஞ்சலிங்கம் சுவிஸில் ஒரு மருந்துக் கம்பனியில் இரசாயனவியலாளராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குடி இல்லை. சிகரெட் இல்லை. காலையில் இலைக்கஞ்சி, மாலையில் நடை. அப்படிப்பட்ட மனிதருக்குத் திடீரென்று செங்கண்மாரி, அதுதான் மஞ்சள் காமாலை... வயிறு வீங்கி... ஒரு மாதத்துக்குள் ஈரல் முழுதாகப் பழுதாகிவிட்டது.

அதிலும் எந்த ஈரல்? ஈரலுக்கென்றே ஓர் ஆய்வுகூடம் கட்டிய மனிதரின் ஈரல்!

வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்தது அந்த ஆய்வுகூடம். மனித ஈரலின் கலங்களை, அதாவது உயிரணுக்களை, அங்கே சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்த்தார்கள். கொழுப்பையும் சீனியையும் கலம் எப்படிச் செரிக்கிறது, எந்தக் கட்டத்தில் அழற்சி தொடங்குகிறது, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பணம் போட்டவர் பஞ்சலிங்கம். பொறுப்பாளர் கலாநிதி கீர்த்திகன். முப்பத்தைந்து வயதுக்குள் பெயர் வாங்கிவிட்ட ஆள்.

வழக்கு இன்ஸ்பெக்டர் கொலின்ஸிடம் வந்தது. மயிலிட்டிக்காரர். வணக்கம் சொன்னால்கூட ஏன் சொன்னான் என்று யோசிக்கிற ரகம்.

உதயகலாவின் பிறிட்ஜில், பஞ்சலிங்கம் கடைசியாகக் குடித்து மிச்சம் வைத்த கஞ்சி உறைந்து கிடந்தது. கொட்ட மனம் வராமல் எடுத்து வைத்தாளாம். கஞ்சியில் தான் எதையும் கலக்கவில்லை, அவரே ஏதோ ஒரு தூளைப் போட்டுக் கலக்கிக் குடிப்பார் என்றாள். தூள்ப் போத்தல் எங்கே என்று கொலின்ஸ் கேட்டார். காணவில்லை என்றாள்.

கொலின்ஸ் தலையை ஆட்டினார். நம்பியதற்கான ஆட்டம் அல்ல அது.

கஞ்சியில் கொஞ்சம் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போனது. பூச்சிமருந்து இல்லை, வழக்கமான நஞ்சு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அப்போதுதான் கொலின்ஸுக்கு அந்த யோசனை தோன்றியது. நஞ்சின் பெயர் தெரியாவிட்டால் என்ன? கஞ்சியை நேரே ஈரலுக்கே கொடுத்துப் பார்த்தால்?

கீர்த்திகன் உடனே சம்மதித்தார். தானே செய்வதாகச் சொன்னார்.

முடிவும் சீக்கிரமே வந்தது. கஞ்சியைக் குடித்த கலங்கள் குறையில்லாமல் வாழ்ந்தன. பெருகவும் செய்தன. கஞ்சியில் பிழையில்லை, அவருக்கு வந்தது ஏதாவது வைரஸாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்த கீர்த்திகன், அந்த நல்ல செய்தியைச் சொல்ல உதயகலாவின் வீட்டுக்கு நேரிலேயே போய் வந்தார்.

வழக்கு முடிந்த மாதிரித்தான்.

ஒருத்திக்கு மட்டும் முடியவில்லை.

அஸ்னா.

ஆய்வுகூடத்தில் கலங்களுக்கு நாளாந்தம் தீனி மாற்றி, அவற்றைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிற ஆராய்ச்சி உதவியாளர். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம். புத்தளத்தில் பிறந்து, படித்து, வாப்பாவோடு சோனகதெருவுக்குத் திரும்பி வந்தவள். நேர்முகத்தில் பஞ்சலிங்கம் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பிழையான முடிவு வந்தால் என்ன செய்வீர்? திரும்பச் செய்வேன் என்றாள். நாளைக்கே வாரும் என்றார்.

அந்த மனிதருக்காகவாவது அவள் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

கீர்த்திகன் தன் கையால் கலத்தைத் தொட்டு வருசக்கணக்காகிறது. இந்தச் சோதனையை மட்டும் ஏன் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே செய்தார்?

அறை வாசலில் நின்று கேட்டாள்.

"சேர், கஞ்சியை எந்தக் கலத்திலை போட்டுப் பாத்தனீங்கள்?"

கீர்த்திகன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழைய கலத்திலை. அதுதானே கெதியா வளரும். பொலிஸ்காரர் அவசரப்படுத்தினவை."



அங்கே இரண்டு வகைக் கலங்கள் இருந்தன. ஒன்று, எப்போதோ யாரோ ஒருவரின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து உலகமெல்லாம் வளர்க்கிற பழைய கலம். வேகமாகப் பெருகும். ஆனால் ஈரலின் பாதி வேலை அதற்கு மறந்துபோய்விட்டது. உள்ளே வருவதை உடைத்து வேறொன்றாக மாற்றுகிற அனுசேபம் அதில் இல்லை என்றே சொல்லலாம். மற்றது புதிய கலம். வாரக்கணக்கில் பராமரித்தால்தான் தேறும். ஆனால் தேறிவிட்டால் அசல் ஈரல் மாதிரியே உடைக்கும், மாற்றும், வீங்கும், சாகும்.

நஞ்சு பார்க்கப் பழைய கலத்தை எடுப்பது, மூக்கடைத்தவனைக் கூப்பிட்டுக் கறி பழுதோ என்று மணந்து பார்க்கச் சொல்வது போல.

கீர்த்திகனுக்கு அது தெரியாதா?

புதிய கலத்திலும் ஒருக்கால் பார்க்கட்டுமா என்றாள்.

இப்போது கீர்த்திகன் திரும்பினார். சிரித்தார். குரல் மெதுவாக வந்தது.

"அஸ்னா... இங்கை கஞ்சி வைச்ச பிறீசர்த் திறப்பு உம்மட்டைத்தானே இருந்தது? தேவையில்லாமல் கிண்டினால் முதல் கேள்வி உமக்குத்தான் வரும். நான் வெள்ளிக்கிழமை நோர்வேக்குப் போறன். வந்தாப் பிறகு கதைப்பம்."

அஸ்னா வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள்.

அது புத்திமதி அல்ல. மிரட்டல்.

ஏன் மிரட்ட வேண்டும்? யாரைக் காப்பாற்ற? நல்ல செய்தியோடு உதயகலா வீட்டுக்கு ஓடிய கால்கள் நினைவுக்கு வந்தன. அந்தம்மாவும் இவரும்... இருவருமாகச் சேர்ந்தா?

அன்று பின்னேரமே உடுவிலுக்குப் போனாள்.

உதயகலா கேற்றைப் பாதிதான் திறந்தாள். இப்போது அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வந்தவள் உளவு பார்க்க வந்தாளோ என்று அவளுக்குச் சந்தேகம். கதவு திறந்தவள் கொலைகாரியோ என்று இவளுக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகங்களும் எதிரெதிரே கதிரையில் அமர்ந்தன.

அஸ்னா தூளைப் பற்றிக் கேட்டாள்.

"ஆரும் நம்பேல்லை. நீரும் நம்பமாட்டீர்," என்றாள் உதயகலா. "ஈரலுக்கு நல்லது, தெரிஞ்ச ஆள் செய்து தந்தது, பயப்பிடாதை எண்டார். எனக்குக்கூடத் தரேல்லை. செத்தவீட்டண்டைக்குத் தேடினன். போத்தல் இல்லை."

"செத்தவீட்டண்டைக்கு அந்த அறைக்குள்ளை ஆர் போனது, அன்ரி?"

உதயகலா யோசித்தாள். பெண்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். உள்ளே போனது...

"அவருக்கு உடுத்திறதுக்கு வேட்டி எடுக்க உங்கடை டொக்டர் கீர்த்திகன்தான் போனவர். பாவம், தானே எடுக்கிறன் எண்டு ஓடினவர்."

அஸ்னாவின் கையில் இருந்த தேநீர் ஆறியது.

கடைசியாக ஒன்று கேட்டாள். அவருக்கும் டொக்டருக்கும் ஏதாவது மனஸ்தாபம் இருந்ததா?

மனஸ்தாபம் என்று இல்லையாம். ஒருநாள் பஞ்சலிங்கம் ஆய்வுகூடத்திலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்தாராம். கேட்டதற்குச் சொன்னாராம். கீர்த்திகன் பெரிய சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, மூலிகைச் சாற்றால் ஈரல் அழற்சியை அடக்கிவிட்டதாகப் பெயர் வாங்கித் தந்த அதே கட்டுரை... அதில் மருந்து கொடுத்த கலம், கொடுக்காத கலம் என்று போட்ட இரண்டு படமும் ஒன்றுதானாம். தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்ததாம்.

கேற்றடிக்கு வந்ததும் அஸ்னா இன்ஸ்பெக்டருக்கு அழைப்பு எடுத்தாள். கொலின்ஸ் மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"சேர், ஒண்டே ஒண்டு கேக்கிறன். கஞ்சிச் சோதனையைக் கெதியா முடிக்கச் சொல்லி நீங்கள் டொக்டரை அவசரப்படுத்தினனீங்களோ?"

"அவசரமோ? ஒரு மாசம் எண்டாலும் எடுங்கோ எண்டல்லோ சொன்னனான். ஏன் பிள்ளை?"

"டொக்டர் வேறை மாதிரிச் சொன்னவர், சேர்."

கொலின்ஸுக்கு விளங்கிவிட்டது. மீனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கீர்த்திகனின் அறையில் கொலின்ஸ் உட்கார்ந்திருந்தார். வழக்கு மூடுவதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமென்று வந்திருந்தார். அப்படி வந்து சும்மா இருந்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக மட்டும்தான் அஸ்னா சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. அஸ்னா. முகம் வெளிறியிருந்தது.

"குறை விளங்காதையுங்கோ சேர். உங்களுக்குச் சொல்லாமல் மிச்சக் கஞ்சியை நானும் கலத்துக்குக் குடுத்துப் பாத்திட்டன்... எல்லாம் செத்துப்போச்சு."

கொலின்ஸ் நிமிர்ந்தார்.

கீர்த்திகனின் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு கேட்டார்.

"செத்தது எந்தக் கலம்?"

"பழைய கலம். நீங்கள் பாத்த அதே கலம்தான், சேர்."

கீர்த்திகன் கோப்பையை வைத்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. சிரிப்பும்கூட வந்தது. கொலின்ஸின் பக்கம் திரும்பி, வகுப்பில் விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"பாருங்கோ இன்ஸ்பெக்டர், இந்தப் பிள்ளை பொய் சொல்லுது. பழைய கலம் சாகவே சாகாது. அந்த விதை தன்பாட்டிலை நஞ்சில்லை. ஈரல் அதை உடைக்கேக்கைதான் நஞ்சாகும். பழைய கலத்துக்கு உடைக்கத் தெரியாது. கரண்டி கரண்டியாக் குடுத்தாலும்..."

நிறுத்தினார்.

ஆனால் பிந்திவிட்டது.



"எந்த விதை, டொக்டர்?" என்றார் கொலின்ஸ்.

 பொதுவாகச் சொன்னேன் என்றார் கீர்த்திகன். உதாரணத்துக்கு என்றார். கஞ்சியில் விதை இருக்கிறதென்று கொழும்பும் சொல்லவில்லை, உதயகலாவும் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை என்பதைக் கொலின்ஸ் ஆறுதலாக எடுத்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே வெளியே நின்ற பொலிஸ்காரருக்குக் கண்ணைக் காட்டினார்.

கீர்த்திகன் வாடகைக்கு இருந்த வீட்டில் தேடினார்கள். குசினியில் ஓர் அரைக்கும் மெஷின். மூடியின் விளிம்பில் ஒட்டிய தூள். பின்வளவில் சாக்கில் காயப்போட்ட விதைகள். தோட்டவெளிகளில் தன்பாட்டுக்கு முளைத்து மஞ்சளாகப் பூக்கிற ஒரு செடியின் விதைகள். அந்தச் செடியை மேய்ந்தால் ஆடுமாடும் ஈரல் கெட்டுச் சாகும்.

விதையை மேசையில் வைத்தபோது கீர்த்திகன் உடைந்தார்.

"அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை," என்றார். "'தம்பி, நீயே எழுதிக் கட்டுரையைத் திருப்பி எடு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' எண்டார். பிறகும் முந்தி மாதிரியே சிரிச்சுக் கதைச்சார். ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பிலை முழிக்கவேண்டிக் கிடந்தது..."

கீர்த்திகன் தந்த தூளைப் பஞ்சலிங்கம் நம்பிக் குடித்திருக்கிறார். மன்னித்த மனிதருக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை.

செய்தி மத்தியானத்துக்குள் உடுவிலை எட்டிவிட்டது. செல்வநாயகி அண்ணன் வீட்டுக் கேற்றடியில் வந்து நின்றாள். தட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வெயிலில் அப்படியே நின்றாள். உதயகலா ஜன்னலால் கண்டாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு வந்து கேற்றை முழுதாகத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ மச்சாள்."

இந்த முறை இருவரும் அழுதார்கள்.

ஆய்வுகூட வாசலில் ஜீப்பில் ஏறப்போன கொலின்ஸ், நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பழைய கலம் செத்தது பொய் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரப் பொய் என்று பாராட்டவும் செய்தார்.

"ஆனால் பிள்ளை, கோட்டிலை உந்தப் பொய் எடுபடாது. புதுக் கலத்திலை பாத்தனீர்தானே? அதிலை செத்தது உண்மைதானே?"

அஸ்னா தரையைப் பார்த்தாள்.

"இல்லை சேர். புதுக் கலத்தை நேற்றுத்தான் குளிருக்குள்ளாலை எடுத்தனான். கஞ்சி இன்னும் குடுக்கவே இல்லை."

கொலின்ஸுக்கு வியர்த்தது. "அப்ப... ஒரு கலமும் சாகேல்லையோ? விதை கஞ்சிக்குள்ளை போனதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லாமலோ அந்த ஆளைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டிருக்கிறன்? எங்களிட்டை ஒத்துக்கொண்டது கோட்டிலை செல்லாது. கோட்டிலை ஆரைச் சாட்சியா ஏத்திறது?"

அஸ்னா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்... சாட்சி இப்பதான் வளருது."