பதினேழாவது பெயர்

அந்தி மயங்கிப் பொருநை நதியின் மீது முழுநிலா எழுந்துகொண்டிருந்தது. கரையோரக் கோட்டையின் அரங்கு மண்டபத்தில் கலைத் திருநாளின் கடைசி நிகழ்ச்சியாகப் புலவர் ஐயாறனார் அரசர் முன்னிலையில் தமது போர்க்காவியத்தை அரங்கேற்றிக்கொண்டிருந்தார். அதற்கு யாழ் மீட்டியவள் எழுவனை. கடைக்கோடித் தூணருகே, கம்பளி போர்த்த யாத்திரிகன் ஒருவன் கோலூன்றி நின்றான்.

வாசகர்களே, திருட்டில் எத்தனையோ வகை உண்டு. ஆனால் ஒருத்தியின் பாட்டைத் திருடி, அவளையே அதற்கு யாழ் மீட்டவும் உட்கார வைக்கும் நெஞ்சழுத்தத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அப்பாடல்கள் எழுவனை கண்ணீரோடு கட்டியவை. வெள்ளம் புரண்ட ஆற்றில் இறங்கி, பகைவரின் படகுகளைக் கொளுத்திவிட்டுத் திரும்பாமல் போன பதினேழு வீரர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கடைசிப் பெயர் விடங்கன். அவளுக்கு மாலையிட இருந்தவன். திருத்தித் தருவதாகச் சொல்லி ஏடுகளை வாங்கிப்போன புலவர், அத்தனை பெயர்களையும் சுரண்டி எறிந்துவிட்டு அரசரின் பெயரை ஒட்டவைத்திருந்தார்!

"தனியொருவராய் வெள்ளம் கடந்து, படகெரித்த பெருமானே!" என்று புலவர் கைகளை விரித்தார்.

எழுவனைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"தடை!"

சபை திடுக்கிட்டது. அரங்கேற்றத்தில் எவரும் தடை சொல்லலாம். விடை கூறாமல் ஆசிரியர் மேலே ஓரடியும் செல்லக்கூடாது. வீணாகத் தடை சொன்னவருக்கோ நாடு கடத்தல்தான் தண்டனை. எழுவனை அதை அறியாதவள் அல்லள்.

"புலவரே, படகுகள் எரிந்தபோது மன்னர் எங்கே இருந்தார்?"

ஐயாறனார் கைகளைத் தாழ்த்தினார். "காவியத்துக்கு நாயகர் ஒருவர் போதும், அம்மா! காலாட்களின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?"

"அவர்களைப் பெற்றவர்கள் கேட்பார்கள்! செத்தவர்களிடம் அவர்கள் பெயரையுமா பறிப்பீர்கள்? வெட்கமாயில்லை உமக்கு?"

புலவர் அரசரைப் பார்த்தார். அரசர் இருக்கையை விட்டு எழுந்தார். பிறகு, "அன்று நான் பாசறையில் சுரத்தில் கிடந்தேன்," என்றார். "பெண்ணே, அந்தப் பெயர்களைப் பாடு."

யாழைத் தொடாமலேயே எழுவனை பாடினாள். மாறன் காரி, பூதன் தேவன், ஆதித்தன் கொற்றி... ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கேயோ ஒரு விம்மல் கேட்டது. பதினாறும் முடிந்தன. "விடங்கன்" என்றபோது அவள் குரல் உடைந்தது.

"தடை!"

கடைக்கோடியிலிருந்து வந்தது அந்தக் குரல். கூட்டம் விலக, யாத்திரிகன் ஒரு காலை இழுத்து இழுத்து அரங்கை நோக்கி நடந்தான்.

"அரசே! அந்தப் பதினாறு பேரையும் ஆற்று மணலில் அடக்கம் செய்தவை இந்தக் கைகள். அவர்கள் பெயர்களில் பிழையில்லை. பதினேழாவது பெயருக்குத்தான் என் தடை."

அவன் முகத்தை மறைத்திருந்த கம்பளி நழுவியது.

"அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை பாடு, எழுவனை," என்றான் விடங்கன்.