சொல்லிக்கொள்ளாமல்

டெம்போ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இதற்கு மேல் வண்டி நுழையாது என்றார் ஓட்டிவந்த கிளமென்ட். அவரும் சித்தார்த்தனும் பீரோவை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொள்ள, பவித்ரா மண்ணெண்ணெய் வாடை வீசும் பழைய ஸ்டவ்வையும் சாமி படங்களையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தாள். ஸ்ரீரங்கத்தின் அந்த ஒடுங்கிய தெருவில் சாயங்கால வெயில் மாடிச் சுவர்களின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. கீழே எல்லாம் நிழல்.

வீடு ரயில் பெட்டி போல நீளமாக இருந்தது. தெரு வாசலில் நின்று பார்த்தால் முதலில் இருட்டான நடை. அதற்குப் பிறகு கூடம், கூடத்தை ஒட்டி ஓர் அறை, சின்ன முற்றம், சமையலறை. எல்லாவற்றுக்கும் கடைசியில், தபால்தலை அளவு வெளிச்சமாகக் கொல்லைக் கதவு. நடையில் கால் வைத்ததும் ஒரு வாடை வந்தது. பிழியாமல் போட்டுவைத்த ஈரத்துணியின் வாடை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு, அப்படித்தான் இருக்கும் என்று பவித்ரா நினைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை புருஷனா இருந்தாச்சு. இன்னியிலேருந்து முழுநேரம்" என்றான் சித்தார்த்தன், பீரோவை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபடி.

"சம்பளம் கேட்காம இருந்தீங்கன்னா சரி."

கிளமென்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடைக்குள் போய், கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

பவித்ரா லால்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. சித்தார்த்தனுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணமாகியும் அவள் லால்குடியில் பெண்கள் விடுதியிலும், அவன் தென்னூரில் நண்பர்களின் அறையிலும்தான் இருந்தார்கள். வீடு என்று பேச்செடுத்தாலே சண்டை வந்தது. உன் ஊரில் நெல் மட்டும்தான் விளைகிறது என்பான் அவன். உங்கள் ஊரில் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் பேசினால் காதில் விழாது என்பாள் அவள். மாமியாரிடம் இதற்குச் சுலபமான தீர்வு ஒன்று இருந்தது. "டீச்சர் வேலைய விட்டுட்டா என்ன கெட்டுப்போயிடும்?"

கடைசியில் ஆற்றைப் பார்த்துதான் முடிவெடுத்தார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம். தினமும் அவன் தெற்கே காவிரியைத் தாண்டிப் போவான். அவள் வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டிப் போவாள். ஆளுக்கொரு ஆறு. இதுவும் சரிப்படாவிட்டால் பழையபடி ஆளுக்கொரு கரை, இல்லையென்றால் வேலையை விட வேண்டும். எந்த வேலையை என்று கேட்க வேண்டியதில்லை. அதனால் அந்த வீட்டை நேசித்தே தீருவது என்று பவித்ரா முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

நேசிப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. தெரு வாசல் அவனுடையது. பஸ் பிடிக்க அந்தப் பக்கம் கிட்டம். கொல்லை வாசல் அவளுடையது. சந்து வழியாக நடந்தால் ரயிலடி. அவனுக்கு ஒரு வாரம் விடிவதற்கு முன்பே ஷிஃப்ட், மறுவாரம் மத்தியானத்துக்கு மேல். ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தது பெரும்பாலும் குரலால்தான். அவள் சமையலறையில் நிற்பாள், அவன் குளியலறையிலிருந்து ஏதோ கேட்பான். அவன் போர்வைக்குள் இருப்பான், அவள் பையை மாட்டிக்கொண்டே முற்றத்திலிருந்து பேசுவாள்.

கிளம்பும்போது "போறேன்" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. திரும்பி வராதவர்கள்தான் போகிறேன் என்பார்கள் என்று சின்ன வயதில் அம்மா வாயிலேயே அடித்திருக்கிறாள். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொல்லைக் கதவைச் சாத்துமுன் உள்பக்கம் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

"சரி, பார்த்துப் போ" என்று தூக்கம் கலையாத குரல் அறையிலிருந்து வரும்.

ஒருநாள்கூட பதில் வராமல் இருந்ததில்லை.

அவன் விடிவதற்கு முன்பே போய்விட்ட நாட்களிலும்.

அதை அவள் யோசித்துப் பார்த்தது ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகுதான். கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது வீடு முழுக்க மங்கியிருந்தது. முற்றத்தில் மழை நின்று, ஓட்டிலிருந்து மட்டும் நீர் சொட்டியது.

"வந்துட்டியா? காபி போடேன்" என்று நடைப் பக்கமிருந்து சித்தார்த்தன் குரல் கொடுத்தான்.

"ஏன், முன்னாடி வந்தவங்க போட்டு வைக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். "லூர்துராணி மேடம் இன்னிக்கும் என் பீரியடப் பிடுங்கிட்டாங்க. கேட்டா, கணக்கு எங்க ஓடிப்போயிடப் போகுதுங்கறாங்க."

"விட்டுத்தள்ளு."

"உங்களுக்கென்ன, விட்டுத்தள்ளுன்னுடுவீங்க."

இரண்டு டம்ளரில் காபியை ஊற்றினாள். ஈரத்துணி வாடை தூக்கலாக இருந்தது. தன் புடவைதான் என்று நினைத்தாள். அப்போது ஷெல்ஃபில் இருந்த போன் அடித்தது.

"பவி, நான்தான்" என்றான் சித்தார்த்தன். அவனுக்குப் பின்னால் லேத் மெஷின்கள் இரைந்தன. "அன்புச்செல்வன் வரல. அடுத்த ஷிஃப்ட்டையும் நானே பார்க்கணுமாம். நீ எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடு."

அவள் நடைப் பக்கம் திரும்பினாள்.

நடைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"யாரு போன்ல?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்தக் காதில் அவன் குரல். அந்தக் காதிலும் அவன் குரல். நடையில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த இருட்டில் ஏதோ ஒன்று அவளுடைய பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

"வீட்ல யாரோ இருக்காங்க" என்று கிசுகிசுத்தாள்.

"யாரு? ஆம்பளையா?"

"உங்க குரல்ல பேசுது."

அவன் பதறுவான், உடனே வெளியே ஓடு என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, உனக்கும் கேட்குதா?"

அடுப்பை அணைக்காமலே கொல்லை வழியாக ஓடினாள். பக்கத்து வீட்டு சுப்ரஜாதான் தன் வீட்டுக்காரரை அனுப்பி அடுப்பை அணைக்கச் செய்து, சித்தார்த்தன் வரும்வரை அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் லீவு சொல்லிவிட்டு அம்மாமண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச பவித்ரா ஒப்பவில்லை.

"சீக்கிர ஷிஃப்ட் முடிஞ்சு மத்தியானம் வருவேன்ல" என்றான் அவன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "சமையல்கட்டுலேருந்து, சாப்டீங்களான்னு நீ கேப்ப. முதல் நாள் நீ லீவுன்னே நினைச்சேன். போய்ப் பார்த்தா யாருமில்ல. அன்னிக்குப் பயமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"பட்டறை விஷயம்தான். மொதலாளி திட்டினது, புதுசா வந்த மெஷின்... எல்லாம் கேட்கும். நீ வரும்போதே களைச்சுப்போய் வர்ற. வந்ததும் நோட்டு திருத்த உட்கார்ந்துடுற. நான் உன்னைக் குறை சொல்லல பவி."

"உங்கள எப்படிக் கூப்பிடும்?"

"என்னங்கன்னுதான்."

பவித்ரா அவனை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நேற்று நடை இருட்டைப் பார்த்தபோது வந்த பயம் இல்லை இது. அந்தப் பயத்தைவிட இது கனமாக இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வீட்டக் காலி பண்ணணும்ப. காலி பண்ணினா நீ லால்குடி, நான் அரியமங்கலம். மறுபடியும் ஞாயித்துக்கிழமை." படியில் கிடந்த சருகைத் தண்ணீரில் தட்டிவிட்டுச் சொன்னான்: "குரல் உன்னோடதுதானே."

காலி செய்வது என்று அங்கேயே முடிவானது. திருவானைக்கோவிலில் வேறு வீடு பார்க்கலாம் என்றாள் அவள். அவசரப்பட்டு இன்னொரு பொல்லாத வீட்டில் போய் மாட்ட வேண்டாம், நல்லதாக அமையும்வரை ஆளுக்கொரு பக்கம் இருப்போம் என்றான் அவன். அவளிடம் மறுத்துப் பேசத் தெம்பு இல்லை.

சாமான்களைக் கட்டும்போது சுப்ரஜா கொல்லை வாசலோடு நின்று பேசினாள். உள்ளே வரவில்லை.

"முன்னாடி இருந்தவாளும் உங்களை மாதிரிதான். ஆம்படையானுக்கு ஒரு திக்குல வேலை, அவளுக்கு ஒரு திக்குல. அதுக்கப்புறம் அவா சேர்ந்து இருக்கான்னு கேள்விப்படலை. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோங்கோ. கிளம்பறச்சே சொல்லிக்காதீங்கோ. போயிட்டு வரேன்னு வாய்தவறிக்கூட வந்துடப்படாது."

"சொன்னா என்னங்க ஆகும்?"

"வரேன்னு சொன்னா, வருவேள்னுதானே அர்த்தம்? காத்துண்டிருக்கும்."

நல்ல வெயிலில், உச்சி வேளையில் கிளம்பினார்கள். கிளமென்ட்டின் டெம்போ பழையபடி தெருமுனையில் நின்றது. பவித்ரா கொல்லைக் கதவைத் தாழிட்டு, கூடத்தைக் கடந்து, நடையைக் கடந்து வந்தாள். பழக்கதோஷத்தில் சொல் நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். சித்தார்த்தனும் வாயைத் திறக்கவில்லை. அவன் தெருக்கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மிகக் கிட்டத்தில், பவித்ராவின் குரல் சொன்னது.

"வரேன்."

சித்தார்த்தன் பூட்டிலிருந்து கையை எடுத்தான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முதலில் பேசியது சித்தார்த்தன்தான்.

"பாரேன். நாம சொல்லிக்கலேன்னாலும் அது நம்மகிட்ட சொல்லிக்குது" என்றான். அவன் கண்கள் லேசாகக் கலங்கியிருந்ததைப் பவித்ரா பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள். விட்டது என்றுதான் இருந்தது அவளுக்கு. விடை பெற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

லால்குடி விடுதியில் பழைய கட்டிலே கிடைத்தது. ஆரம்பத்தில் சித்தார்த்தன் தினமும் போன் செய்தான். பட்டறைக்கு மேலேயே ஓர் அறை எடுத்திருப்பதாகச் சொன்னான். பிறகு போன் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்றான். வீடு பார்க்கப் போகலாமா என்று அவள் கேட்டால், "என்ன அவசரம், பார்ப்போம்" என்றான். அவன் குரலில் ஏக்கம் இல்லை. சண்டைகூட இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவனைப் பந்திக்குக் கூப்பிடுவது போல இருந்தது அவனோடு பேசுவது.

"தைக்கு மேல பார்க்கலாம்னு நீதானே நேத்து சொன்ன?" என்றான் ஒருநாள்.

"நேத்து நாம பேசவே இல்லியே."

"அப்படியா" என்றான். உடனே, "மெஷின்ல ஆள் கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் பவித்ரா பள்ளியில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். அவனிடம் சொல்லவில்லை. பஸ் கொள்ளிடத்தைத் தாண்டியது, பிறகு காவிரியைத் தாண்டியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டுவதற்கு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனாள். வேறொரு பெண்ணாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

அரியமங்கலத்தில் அந்தச் சந்து முழுக்க இரும்புத் தூளும் கிரீஸ் வாடையுமாக இருந்தது. சாப்பாட்டு நேரம், மெஷின்கள் ஓய்ந்திருந்தன. பட்டறையின் பக்கவாட்டில் இரும்புப் படி ஏறியது. பாதிப் படியில் கிரீஸ் வாடை நின்றுபோனது.

ஈரத்துணி வாடை வந்தது.

மூடியிருந்த கதவுக்கு உள்ளே சித்தார்த்தன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டு எவ்வளவோ நாளான, வாய்விட்ட சிரிப்பு.

"மொதலாளி முகத்தைப் பார்க்கணுமே. அப்படியே சுண்டிப்போச்சு" என்றான்.

"நீங்க விட்டுக்கொடுத்திருக்கணும்ங்க" என்றது இன்னொரு குரல். "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க."

பவித்ரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தாங்கள் திரும்பி வருவதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அன்று எவ்வளவு கவனமாக இருந்தார்கள். அது 'வரேன்' என்றதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

கதவைத் தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாரோ வந்திருக்காங்க" என்றான் சித்தார்த்தன்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பார்க்கறேன்."

காலடிச் சத்தம் கேட்கவில்லை. வாடை மட்டும் கதவை நெருங்கி வந்தது. 'என்னங்க, நான்தான், பவித்ரா' என்று கத்துவதற்காக அவள் வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது, உதடும் அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் மரியாதையாகக் கேட்டது.

"யாருங்க வேணும்?"