அறுபத்தோரு அழைப்பிதழ்கள்

"தாங்கள் கேட்கும் மணமுறிவுப் பதிவு இல்லை. தாங்கள் மணவாழ்வில் இருக்கிறீர்கள்" என்றது மெய்யறிப் பொறி. குரலில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வைப்பாறு மாவட்ட உறவுப் பதிவகத்தின் நான்காம் முகப்பில் நின்றிருந்த நிறைமதிக்குக் காது இரண்டும் சூடாயின. கையில் தீர்ப்பு நகல் இருந்தது. குடும்பநல நீதிமன்ற முத்திரை, நீதிபதியின் கையெழுத்து, வழக்கு எண், ஒன்றும் விட்டுப்போகவில்லை. பதினோரு வருடமாகப் பீரோவுக்குள் புடவைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றிய காகிதம். அதை மறுபடியும் கண்ணாடிப் பலகைமேல் விரித்து வைத்தாள்.

"இதைப் பார்த்துவிட்டோம். இது தனி ஆவணம். இதற்கு எதிராக அறுபத்தோரு ஆவணங்கள் உள்ளன."

"என்ன ஆவணம்?"

பலகையில் படங்கள் ஓடின. சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை. மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. பெரியப்பா பேத்தியின் காதணி விழா. யார் யாருடைய வளைகாப்போ. எல்லாவற்றிலும் கீழே, பொடி எழுத்தில், உறவினர் பட்டியலில் ஒரே வரி: தர்ஷன் – நிறைமதி. கடைசியாக வந்தது அவள் அப்பா இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. அதிலும் 'மருமகன் தர்ஷன்' என்று போட்டிருந்தது. அந்த மருமகன் மாலை போடக்கூட வரவில்லை.

மெய்யறி ஒன்றும் வேண்டாத விருந்தாளியாக வந்ததல்ல. டீக்கடையில் உட்கார்ந்தபடியே எந்த முத்திரையும் வாங்கிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. போலிப் பத்திரம், போலி வாரிசுச் சான்று, ஒரே ஆளுக்கு நாலு ஊரில் நாலு மனைவி. ஒற்றைக் காகிதம் பொய் சொல்லும், ஆனால் நூறு பேர் பல வருடம் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள் என்று அரசாங்கம் முடிவு கட்டியது. அன்றிலிருந்து அச்சாகும் ஒவ்வொரு தாளின் படியும் அச்சகத்திலிருந்து நேராக மெய்யறிக்குப் போனது. அது எல்லாவற்றையும் படித்து, எது உண்மை என்று எடைபோட்டுச் சொன்னது. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மருத்துவமனையும் அதைத்தான் கேட்டன. சான்றிதழ் தூக்கிக்கொண்டு அலையும் தொல்லை ஒழிந்தது என்று ஊரே மகிழ்ந்தது. நிறைமதியும் மகிழ்ந்தவள்தான்.

இப்போது அவளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மகள் ஆதிரைக்குப் பதினான்கு வயது. முதுகெலும்பு வளைந்துகொண்டே போய் நுரையீரலை அழுத்தத் தொடங்கியிருந்தது. பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை. தாயும் தகப்பனும் சம்மதம் தர வேண்டும் என்றது மருத்துவமனை. மணமுறிவுப் பதிவு இருந்தால் தாய் மட்டும் போதும், பிள்ளை தாயின் பொறுப்பு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. தகப்பனோ நியூசிலாந்துக்குப் போய் போன் எண்ணை மாற்றி ஒன்பது வருடம் ஆகிறது. கடல் தாண்டியவனைத் தேட மெய்யறிக்கு அதிகாரம் இல்லை.

"பதினோரு வருசமா நான் ஒத்த ஆளா வளர்த்திருக்கேன். அது ஒங்க பெட்டிக்குத் தெரியாதா?" என்று அவள் கத்தியதும் உள்ளேயிருந்து பதிவு அலுவலர் எட்வின் துரை எழுந்து வந்தார். அந்தக் கட்டிடத்தில் மிச்சமிருந்த இரண்டு மனிதர்களில் ஒருவர். கத்துகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பதுதான் அவருடைய முக்கிய வேலையாகிவிட்டது.

"உக்காருங்கம்மா. இதுகிட்டக் கோவப்பட்டு என்ன ஆகப்போகுது. அது காகிதத்த எண்ணுறதில்ல, வாயை எண்ணுது. ஒங்க தீர்ப்புல ஒரு ஜட்ஜ் சொல்றாரு. இதுல ஒங்க சொந்தக்காரங்க எம்பத்துமூணு பேரு சொல்றாங்க."

"அவங்க பொய் சொல்றாங்க சார்."

"எனக்குப் புரியுது. அப்ப அவங்கள்ல மூணு பேர் வந்து, நாங்க தப்பா அச்சடிச்சோம்னு சொல்லணும். இல்லன்னா புதுசா ஏதாச்சும் வரணும். ஒரே ஆளு ரெண்டு விதமா சொன்னா, கடைசியாச் சொன்னதத்தான் அது எடுத்துக்கும்."

மூன்று பேர்தானே என்று நினைத்துக்கொண்டு நிறைமதி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் எந்தப் பத்திரிகையும் காளிராஜ் பெரியப்பாவின் கைபடாமல் அச்சுக்குப் போகாது. யார் பெயருக்குப் பின் யார் பெயர், எந்த மருமகனுக்கு எந்த வரிசை என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்வார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"அதெல்லாம் நான் வந்து சொன்னா நல்லாவா இருக்கும்? தை மாசம் பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள வீட்டுல மெய்யறியில எல்லாத்தையும் தோண்டிப் பாப்பாங்க. இந்த வீட்டுல ஒருத்தி அத்துக்கிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சா ஊர் சிரிக்காதா?"

"பிள்ளைக்கு மூச்சு முட்டுது பெரியப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன். அவனத் தேடிப் பிடிச்சு ஒரு கையெழுத்த வாங்கு. ஆம்பளன்னா நாலு எடத்துல கோவிச்சுக்கிட்டுப் போவான். நீதான் கொஞ்சம் எறங்கிப் போகணும்."

தண்ணீர்ச் செம்போடு வந்த பாண்டிதேவி பெரியம்மா, "பாவம்ங்க, பிள்ளைக்காக…" என்று வாயெடுத்தார். "நீ உள்ள போ" என்றார் பெரியப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல். பெரியம்மா உள்ளே போனார்.

சித்தி கதவைத் திறந்ததோடு சரி, உட்காரச் சொல்லவில்லை. மாமா, பெரியப்பா சொன்னால் வருகிறேன் என்றார். எண்பத்துமூன்று பேரில் மூன்று பேர் தேறவில்லை.

தன்னியங்கிப் பேருந்தில் வீடு திரும்பும்போது நிறைமதிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவர்கள்மேல் மட்டும் வந்த ஆத்திரமில்லை. முதல் பத்திரிகையில் அந்த வரியைப் பார்த்தபோது அவள் சண்டை போட்டாள். இரண்டாவதில் அழுதாள். மூன்றாவது வந்தபோது, பொடி எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு ஐம்பத்தெட்டு வந்தன. யாரும் படிக்காத அந்த வரியைப் படிப்பதற்கென்றே ஒரு பொறியைச் செய்து வைப்பார்கள் என்று அவள் கண்டாளா? அவமானம் அவர்களுக்காம். அடி வாங்கியது அவள், கோர்ட்டுப் படி ஏறியது அவள், ராப்பகலாக உழைத்தது அவள். அவமானம் மட்டும் பத்திரமாக அவர்களிடம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற அவள் பிள்ளையின் முதுகு வளைய வேண்டும்.

பக்கத்து இருக்கைக்காரர் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ விசிறிக்கொண்டிருந்தார். நிறைமதி அதையே பார்த்தாள். கடைசியாகச் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று எட்வின் துரை சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அச்சகத்துக்கு நடந்தாள்.

"என்ன விசேஷம்க்கா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"மணமுறிவு விழா."

அவர் மாதிரிப் பத்திரிகைக் கட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு தொழிலுக்கே உரிய நிதானத்தோடு, "பார்டர் மஞ்சளாப் போடவா, ரோஸாப் போடவா?" என்று கேட்டார்.

மஞ்சள் பார்டரில் எல்லாம் முறைப்படி அச்சானது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தர்ஷனுக்கும் நிறைமதிக்கும் நீதிமன்றத்தில் நடந்தேறிய மணமுறிவை முன்னிட்டு, வருகிற பன்னிரண்டாம் தேதி நண்பகல் விருந்து. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்க வேண்டுமாய் அழைப்பவர்கள்: காளிராஜ் – பாண்டிதேவி, அடுத்து சித்தி சித்தப்பா, அடுத்து மாமா அத்தை, இப்படி எண்பத்துமூன்று பேர். பெரியப்பா எப்போதும் வைக்கும் அதே வரிசை. ஒருவர் பெயரும் விட்டுப்போகவில்லை, ஒருவர் மரியாதையும் குறையவில்லை.

பத்திரிகை கைக்குக் கிடைத்த பத்தாவது நிமிடம் பெரியப்பா போனில் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு என் பேரப் போட்ட?"

"என் பேரப் போட என்னயக் கேட்டீங்களா பெரியப்பா? அறுபத்தோரு தடவ போட்டீங்களே, ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"அது குடும்ப மானத்துக்காகப் போட்டது."

"இதும் அதே குடும்பந்தான். பன்னெண்டாம் தேதி பெரியம்மாவோட வந்துருங்க. பாயசம் உண்டு."

அவர் வாயில் வந்த வசவையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் இணைப்பைத் துண்டித்தாள். மறுத்து எழுதப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவர் பதிவகப் பக்கம் போகவில்லை. பொய் சொல்லக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்ததால் விருந்து உண்மையிலேயே நடந்தது. வாசலில் ப்ளெக்ஸ்கூட வைத்தாள். இருபத்தேழு பேர் வந்தார்கள். பத்திரிகை வைத்த பிறகு போகாமலிருந்தால் மரியாதை இல்லையே. வந்தவர்களுக்கு என்ன சொல்லி வாழ்த்துவது என்றுதான் தெரியவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினாலாம் தேதி மெய்யறியிடமிருந்து பதிவு நகல் வந்தது. மணமுறிவு உறுதி, சான்று எடை எண்பத்து நான்கு. எண்பத்து நான்காவது வாய் அந்த நீதிபதியுடையது. பத்தொன்பதாம் தேதி ஆதிரையின் முதுகில் இரண்டு உலோகத் தண்டுகளைப் பொருத்தினார்கள். எழுந்து நின்றபோது பிள்ளை ஒன்றரை அங்குலம் உயர்ந்திருந்தாள். பழைய சுடிதார் எதுவும் பொருந்தவில்லை என்று அவள் குறைப்பட்டபோது நிறைமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அவள் வாசலில் நின்றார்கள். பெரியப்பாவின் மீசை தொங்கிப்போயிருந்தது. பதிவகத்துக்குக் கூட வர வேண்டும் என்று கேட்டார். உத்தரவு போட்டே பழகிய வாய்க்குக் கேட்பது எளிதாக வரவில்லை.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி மெய்யறியில் பெண் வீட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். நிறைமதியின் மணமுறிவை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வரியைத்தான் பெரியப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். காளிராஜ், பாண்டிதேவி: மணவாழ்வு உறுதிப்படவில்லை.

"சார், இதெல்லாம் அநியாயம்" என்று பெரியப்பா எட்வின் துரையின் முன் தம் கல்யாணப் பதிவுச் சான்றை நீட்டினார். முத்திரை இருந்தது, பதிவாளர் கையெழுத்தும் இருந்தது.

"அது தனி ஆவணம்யா" என்றார் எட்வின் துரை, தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தியபடி. "இந்தம்மா பத்திரிகையில மணமுறிவு பதினோரு வருசத்துக்கு முன்னாலன்னு இருக்கு. நீங்க யாரும் மறுத்து எழுதல. அப்ப பதினோரு வருசமா நீங்க எல்லாரும் சொன்னது பொய்னு அது கண்டுக்கிடுச்சு. எம்பத்துமூணு பேரும் அந்தப் பத்திரிகைக்கு முன்னால சொன்னது எதுக்கும் இப்ப மதிப்பு இல்ல. ஒங்க கல்யாணத்துக்குச் சாட்சி சொல்றது யாரு? அதே எம்பத்துமூணு பேருதான்."

"அப்ப நாங்க என்ன, சும்மா சேந்து வாழ்றவங்களா? நாப்பத்தாறு வருசம்யா. ஊர் என்ன சொல்லும்?"

"பொய் சொன்னவங்க பட்டியல்ல இல்லாத ஒருத்தர் ஒங்க குடும்பத்துல சாட்சி சொன்னாப் போதும். அப்படி இருக்கிறது இந்தம்மா ஒருத்தங்கதான்."

நிறைமதி கண்ணாடிப் பலகையில் கையை வைத்தாள். அவளை அடையாளம் கண்டுகொண்ட மெய்யறி அதே பழைய மரியாதையோடு கேட்டது: "தாங்கள் நேரில் அறிந்தவரை, காளிராஜும் பாண்டிதேவியும் கணவன் மனைவியாக வாழ்கிறார்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருட ஆத்திரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த எண்பத்துமூன்று பேரையும்போல அடுத்தவர் வாழ்க்கையைப் பற்றி அவர்களைக் கேட்காமல் சொல்லப்போகும் எண்பத்து நான்காவது ஆள் தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். பெரியப்பாவைத் தாண்டி, சுவரோரம் நின்ற பெரியம்மாவைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது ஒங்களப் பத்துன கேள்வி. என்ன சொல்லட்டும்?"

"அவகிட்ட என்ன கேக்குற? ஆமான்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"நான் அவங்கள கேட்டேன்."

பாண்டிதேவி பெரியம்மா பலகையில் தெரிந்த கேள்வியை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். 'வாழ்கிறார்களா' என்ற இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காலியாக இருந்த ஒரே நாற்காலியில், கணவர் நிற்கிறாரே என்று பார்க்காமல், உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறு தாயி. யோசிச்சுச் சொல்றேன். இதுவரைக்கும் யாரும் என்னயக் கேட்டதில்ல."

"தாங்கள் காத்திருக்கலாம். இதற்குக் கால வரம்பு இல்லை" என்றது மெய்யறி.