மாப்பிள்ளையின் கால்

26.8.1982, வியாழன்.
ஒரு பிழை. சென்ற வருடம் ஜூலை 14ஆம் திகதிப் பக்கத்தில், சங்கிலி விழுந்து ஜமால்தீன் நானாவுக்கு நகம் வேரோடு போனது இடது கால் பெருவிரலில் என்று எழுதியிருக்கிறேன். வலது கால் என்று இன்று அவரே சொன்னார். திருத்திக்கொள்கிறேன்.

சிவப்புப் பேனையை மூடி வைத்த பிறகும் கலீலுர் றஹ்மான் கொப்பியை மூடவில்லை. நாளுக்கு நாலு வரி எழுத வேண்டும், பிழையை அழிக்கக் கூடாது, கண்டுபிடித்த அன்றைய திகதியைப் போட்டுத் திருத்த வேண்டும் என்பது மாலை வகுப்பு மாஸ்டரின் சட்டம். வகுப்பில் வேறு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கலீல் எடுத்தான். இரண்டு வருடத்தில் இதற்கு முன் முப்பத்தொரு திருத்தம், முப்பத்தொன்றும் அவனுடைய பிழைகள். இதுவும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பப் பார்த்தான்.

ஆனால் அந்த விரலுக்குத் துணி சுற்றியது அவன் கை. இறங்குதுறையில் ஜமால்தீன் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்க, கரைக்கு எதிர்ப்புறம் இருந்த பாதத்திலிருந்து இரத்தம் சொட்டியது. கீழே சின்ன மீன்கள் வந்து மொய்த்தன. டீசல் மணத்தது. கண்ணை மூடினால் அது இடது கால்தான். திறந்தால் சந்தேகமாக இருந்தது.

அந்த விபத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு கலீல் அண்ணன் முறையில் நானா என்றழைக்கிற ஜமால்தீன் சரக்குப் படகு வேலையை விட்டு வெளிநாட்டுக் கப்பலொன்றில் ஏறினார். எட்டு மாதம் கடிதமில்லை. மூன்று கிழமைக்கு முன்புதான் திரும்பி வந்திருந்தார். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை அவருக்கும் கலீலின் மூத்த சகோதரி பரீனாவுக்கும் நிக்காஹ். அன்று போயா, பௌர்ணமி நாள், எல்லாக் கந்தோர்களுக்கும் லீவு, சனம் வர வசதி என்று உம்மா குறித்த நாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வாசலில் பெண்ணின் தம்பி செம்பிலே தண்ணீர் எடுத்து அவருடைய காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். வாப்பா இல்லாத வீடு என்பதால் பெண்ணைப் பொறுப்பாக நின்று கொடுக்க வேண்டியவனும் கலீல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் இரண்டரைக் காட்சிக்குப் போனார்கள். கலீல், ஜமால்தீன், மாலை வகுப்பில் கலீலோடு படிக்கிற அன்புவழிபுரத்துத் தங்கத்துரை. பேய்ப்படம் எது வந்தாலும் விடாத கூட்டு அது. பழைய கறுப்பு வெள்ளை ஓநாய்ப் படத்தை, வருடத்துக்கொரு தரம் அந்தத் தியேட்டரில் ஓட்டும்போதெல்லாம் போய், ஏழு தரம் பார்த்திருந்தார்கள். இப்போது அதையே கலரில் திரும்ப எடுத்திருந்தார்கள்.

பழைய படத்தில் ஆள் ஓநாயாக மாறுவதைக் காட்டுவதேயில்லை. அவன் ஒரு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போவான். தட்டிக்கும் நிலத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அவ்வளவுதான். அந்த இடம் வரும்போது ஜமால்தீன் எப்போதும் விரல்களால் கண்ணைப் பொத்தி, விரல் இடுக்கால் பார்த்துச் சிரிப்பார். புதிய படத்தில் தட்டி இல்லை. தோல் கிழிந்தது, எலும்புகள் முறிந்தன, வாய் நீண்டது. கலரியில் ஆட்கள் சீட்டியடித்தார்கள். கலீல் பக்கத்தில் பார்த்தான். ஜமால்தீன் கைகளை மடியில் வைத்தபடி, இமைக்காமல், பாடம் கேட்கிறவர் போல இருந்தார். அவர் மேலிருந்து ஈரச் சாக்கின் மணம், கப்பலின் அடித்தட்டில் நெடுநாள் மூடிக்கிடந்த சாக்கின் மணம், மெல்ல எழும்பி வந்தது. அவருடைய சப்பாத்துக்குள்ளே ஏதோ சுரண்டிச் சுரண்டி நின்றது.

முந்தி அவர் சப்பாத்துப் போட்டதே கிடையாது.

படம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் தங்கத்துரைதான் தொடங்கினான்.

"எல்லாத்தையும் காட்டினாங்கள். அதுதான் பிழை. பழசில ஒண்டுமே காட்டேல்ல, நான் மூண்டு நாள் தனியாக் கிணத்தடிக்குப் போகேல்ல."

"அப்பிடியே தள்ள ஏலாது," என்றான் கலீல். "மாறினாப் பிறகு அந்தாள் அழுகிறான் பார், அது பழசில இல்ல. எனக்கு அது பிடிச்சது. அதுக்காகப் பிடிச்சதெண்டு சொல்லவும் மனமில்ல."

"நிலாவை எத்தினை தரம் காட்டினாங்கள் எண்டு எண்ணியிருப்பியே."

"ஒம்பது."

"நம்மட நாட்டில எண்டா ஓநாய்க்கு மாசத்துக்கு ஒருநாள் அரசாங்க லீவு."

கலீல் சிரித்தான். ஜமால்தீனும் சிரித்தார், ஒரு விநாடி பிந்தி.

"இன்னொண்டு கவனிச்சியா?" என்றான் தங்கத்துரை. "பழசில ஓநாய் இடது காலை இழுத்து நடக்கும். இவங்கள் வலது காலை இழுக்க விட்டிட்டாங்கள்."

"எந்தக் கால் எண்டு ஆர் பார்க்கிற?" என்று கேட்டார் ஜமால்தீன்.

"நான் பார்ப்பன் நானா," என்றான் கலீல்.

ஜமால்தீன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளேன்டீயைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டு, "ரெண்டு படமும் பிழை," என்றார். "இவ்வளவு சத்தம் வராது."

தங்கத்துரை அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் டச்சுக்குடாக் கரையில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வாழைப்பழத் தோல் கொடுத்தால் கைக்கு வந்து தின்கிற ஊர் மான்கள். ஜமால்தீன் வெறுங்கையை நீட்டினார். ஒன்றும் ஓடவில்லை. கிட்ட நின்ற மான் முன்னங்கால்களை மடித்தது, பின்னங்கால்களை மடித்தது, கழுத்தை நீட்டிப் புல்லில் வைத்தது. அவர்கள் வெகுதூரம் போன பிறகும் அது எழும்பவில்லை. அதன் தோல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் கலீல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தான். படங்களை ஒப்பிட அவன் செய்கிற வேலைதான். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. பழசு: வெறுங்கால். புதுசு: சப்பாத்து. பழசு: முதலில் சிரிப்பவர். புதுசு: பார்த்துவிட்டுச் சிரிப்பவர். பழைய பக்கமொன்றில், திரும்ப எடுத்த படங்களைப் பற்றி ஜமால்தீன் ஒருமுறை சொன்னதை அவன் எழுதி வைத்திருந்தான்: "செத்த ஆள்ர சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தன் வந்து, நான்தான் அவன் எண்டு சொல்ற மாதிரி." அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு வெட்கப்பட்டான். எட்டு மாதம் கடலில் கிடந்து வந்த மனிதர் மாறமாட்டாரா? பட்டியல் முழுவதையும் கோடு போட்டு வெட்டினான். வெட்டிய கோட்டுக்குக் கீழே எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன.

செவ்வாய்க்கிழமை குசினியில், வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவிக்கொண்டிருந்த பரீனாவிடம் கேட்டான்.

"ராத்தா, நானா மாறின மாதிரித் தெரியேல்லையா?"

"மாறித்தான் இருக்கிறார். முந்தி என்னைக் கண்டா நிலத்தைப் பார்ப்பார். இப்ப முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார்." கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "ஏன், உனக்கென்ன?"

"அந்த நகம் போன கால் இடது. வலது எண்டு சொல்றார்."

பரீனா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீ பழைய படத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிரு. நான் எட்டு மாசம் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். எனக்கு இந்தாள்தான் பிடிச்சிருக்கு."

அவள் அப்படிச் சிரித்து அவன் நெடுநாளாகக் கேட்டதில்லை. அதற்கு மேல் சொல்ல அவனிடம் என்ன இருந்தது? ஒரு விரல். ஒரு மான். முப்பத்திரண்டு பிழை விட்டவனின் கொப்பி.

ஆனால் ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை வாசலில், நூறு பேர் பார்த்திருக்க, மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றத்தான் வேண்டும். கால் அவன் கையில் வரும். இடது காலில் நகம் முழுசாக இருந்தால், செம்பைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். உம்மா அழுவார். ராத்தா வாழ்நாளுக்கும் பேசமாட்டாள். பரவாயில்லை. பழைய பக்கத்தைத் திறந்து காட்டலாம், விபத்தன்று இறங்குதுறையில் நின்ற படகுக்காரர் இரண்டு பேருக்காவது ஞாபகம் வரும். அங்கே நகம் இல்லையென்றால் சந்தேகப்பட்டதே அவனுடைய பிழை, அதோடு முடிந்தது. அந்த முடிவு எடுத்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

வியாழன் பொழுதுபடுகிற நேரம். பெண்கள் எல்லாரும் முன் அறையில் மருதோன்றி அரைத்துக்கொண்டிருந்தார்கள். கலீல் கிணற்றடியில் செம்பைத் தேடிக்கொண்டு நின்றான். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது. அந்த ஓய்வு நீண்டது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி, பாதியில் விட்டது. காகங்களும் இல்லை. அரைத்த மருதோன்றியின் பச்சை மணத்துக்குள்ளே ஈரச் சாக்கின் மணம் வந்து கலந்தது.

படலை திறந்த சத்தம் கேட்கவில்லை. ஜமால்தீன் நின்றார்.

"நிக்காஹ்வுக்கு முதல்நாள் வரக்கூடாது நானா," என்றான் கலீல். குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

"உள்ளுக்கு வரேல்ல." அவர் முன் அறை ஜன்னலைப் பார்த்தார். பரீனாவின் சிரிப்பு அங்கிருந்து கேட்டது. "நாளைக்கு நீதானே கால் கழுவுற?"

"ஓம்."

"நீ பார்ப்பாய்."

கலீல் குனிந்து மறுபடி செம்பைத் தேடினான்.

"கொப்பியில எந்தக் கால் எண்டு எழுதியிருக்கு, கலீல்? முதல்ல எழுதினது."

அவர் கேட்டது கோபமாக இல்லை. மாஸ்டரிடம் விடை கேட்கிற மாணவனின் குரல். பிழை என்றால் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பழகிய வாய் அவனுடையது. மனம் எழும்புவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இடது."

"பெருவிரல்?"

"பெருவிரல்."

"நல்லம்."

ஜமால்தீன் கிணற்றடியைச் சுற்றி அடைத்திருந்த தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் போனார். வலது என்று சொல்லியிருக்கலாம். கலீலுக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஒரு சொல். ஒரே ஒரு பொய்.

கிடுகுக்கும் சீமெந்து நிலத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. முதலில் ஒரு சப்பாத்து நிலத்தில் வைக்கப்பட்டது. பிறகு மற்றது. பிறகு இரண்டு பாதங்கள். வெளுத்த, சாதாரணப் பாதங்கள். வலது பெருவிரலில் நகம் இல்லை. இடதில் இருந்தது.

தென்னைகளுக்குப் பின்னால் நிலா ஏறியது. ஒருநாள் குறைந்த நிலா.

கலீல் பார்த்தான். கண்ணைப் பொத்த விரல்கள் எழும்பவில்லை.

பாதங்கள் தளர்ந்தன. நனைந்த துணி போல. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. குதிகால் நிலத்தை விட்டு மேலே போனது. மேலே. இன்னும் மேலே. கிடுகின் விளிம்புக்கு மேலே போய் மறைந்தது. நடுவில் ஒரு மூச்சளவு நேரம், நிலத்தில் நின்றவை கால்களே அல்ல. நரைத்த மயிர் எழும்பி, பின் தோலுக்குள் திரும்பிப் போனது. பிறகு குதிகால் மெல்ல இறங்கி வந்தது. விரல்கள் பிரிந்தன. ஒன்று. இரண்டு. எண்ணி வைப்பது போல. வலது பெருவிரலின் தசைக்குள்ளிருந்து ஒரு நகம், பனங்கிழங்கின் முளை போல, வெளியே வந்து படிந்தது. இடதில் இருந்த நகம் உள்ளே போய்விட்டது.

ஒரு சத்தமும் வரவில்லை.

இடது பாதம் கிடுகின் அடியால் வெளியே நீண்டு வந்து, அவன் முன்னால் நின்றது. பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டியது.

"இப்ப சரியா, மச்சான்?"

மச்சான் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முன் அறையில் பரீனா மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிய, ஒரு விநாடி பிந்தி, கிடுகுக்குப் பின்னால் அதே சிரிப்பு, அவளுடைய குரலில், ஒருமுறை கேட்டது.

"சரி," என்றான் கலீல்.

2.9.1982, வியாழன்.
ஒரு பிழை. 26ஆம் திகதி செய்த திருத்தம் தவறு. முதலில் எழுதியதே சரி. இடது கால்.
நாளை: செம்பைப் புளி போட்டு விளக்க வேண்டும். எட்டரைக்கு வாசலில் நின்று மாப்பிள்ளையின் கால் கழுவ வேண்டும். முதலில் வலது, பிறகு இடது.